மாட்டிறைச்சிச் சட்டத்தின் ஆறு மூட்டுகள்

மாடுகளின் மூளைநோயால் ஐரோப்பா கலங்கிப்போயிருந்த காலம். ஜெர்மனியின் வடகிழக்கு மூலையிலுள்ள மெக்லென்பர்க்-ஃபோர்பொமர்ன் மாநிலம், மாட்டிறைச்சிக்குச் சீட்டு ஒட்டுவதைக் கண்காணிக்கும் வேலையை யாரிடம் ஒப்படைப்பது என்று ஒரு சட்டம் கொண்டுவந்தது. 1999-இல் சட்டமன்றத்துக்கு வந்த அந்தச் சட்டத்தின் பெயர் ரிண்ட்ஃப்ளைஷ்எட்டிகெட்டீருங்ஸ்யூபர்வாஹுங்ஸ்அவுஃப்காபன்யூபர்ட்ராகுங்ஸ்கெசெட்ஸ். ரோமன் எழுத்தில் எழுதினால் 63 எழுத்துகள். நடுவில் மூச்சுவிட ஓர் இடைவெளி கிடையாது. பெயரைக் கேட்டு அவை உறுப்பினர்களே சிரித்தார்கள். 2013-இல் ஐரோப்பிய ஒன்றியம் மாடுகளுக்கான பரிசோதனை விதிகளை மாற்றியதும் சட்டம் வேலையற்றுப்போய் நீக்கப்பட்டது. ஜெர்மனின் மிக நீளமான சொல் காலமாகிவிட்டதென்று பல நாட்டுப் பத்திரிகைகள் எழுதின. எல்லாரும் எழுத்துகளை எண்ணினார்கள். இந்தச் சொல்லில் எண்ண வேண்டியவை வேறு. இதைப் படிப்பது கடினம் என்றால் அதற்கு நீளம் காரணமில்லை. சொல்லுக்குள் இருக்கும் மூட்டுகளைப் பேச்சு காட்டிக்கொடுக்கிறது, எழுத்து மறைத்துவிடுகிறது என்பதே காரணம்.

பிரித்துப் பார்த்தால் ஏழு எளிய சொற்கள் கிடைக்கும். ரிண்ட் மாடு, ஃப்ளைஷ் இறைச்சி, எட்டிகெட்டீருங் சீட்டு ஒட்டுதல், யூபர்வாஹுங் கண்காணிப்பு, அவுஃப்காபே பணி, யூபர்ட்ராகுங் ஒப்படைப்பு, கெசெட்ஸ் சட்டம். ஜெர்மன் பள்ளிப் பிள்ளைக்கு இவற்றில் பெரும்பாலானவை தெரிந்திருக்கும். கூட்டுச்சொல்லுக்குத் தலைமை தாங்குவது கடைசிச் சொல். பாலைத் தீர்மானிப்பது அதுதான், பன்மை விகுதி ஏறுவதும் அதன்மேல்தான். முன்னால் நிற்கும் அத்தனையும் அதற்கு அடைமொழி. ஹவுஸ்ஷூ என்றால் வீட்டுக்குள் போடும் செருப்பு, ஷூஹவுஸ் என்றால் செருப்புக்கடை. தமிழருக்கு இது புதிதே அல்ல; மாட்டிறைச்சிச் சீட்டுக் கண்காணிப்புப் பணி ஒப்படைப்புச் சட்டம் என்று சொல் மாறாமல் வரிசை மாறாமல் நாமும் சொல்லலாம், நம் தலைமைச் செயலக அரசாணைகளில் இதைவிட நீண்டவை உண்டு. நாம் இடைவெளி விட்டு எழுதுகிறோம், அவர்கள் விடுவதில்லை.

ஏழு சொற்களுக்கிடையே ஆறு மூட்டுகள். அவற்றில் நான்கில் ஓர் ஒலி கூடுதலாக ஒட்டியிருக்கிறது: மூன்று இடங்களில் ‘ஸ்’, ஓரிடத்தில் ‘ன்’. நம் இலக்கணத்தில் இதற்குப் பெயர் தயாராக இருக்கிறது: சாரியை. ஜெர்மன் கற்பவர்கள் இதை வேற்றுமை உருபு என்றோ பன்மை விகுதி என்றோ நினைத்துக்கொள்கிறார்கள். பார்வைக்கு அப்படித்தான் இருக்கும், வரலாற்றில் பலவும் அங்கிருந்து வந்தவைதான். ஆனால் இன்று அந்தக் கணக்கு ஒத்துவராது. லீபெ என்ற காதல் பெண்பால் சொல். அதன் ஆறாம் வேற்றுமையில் ‘ஸ்’ வரவே வராது. இருந்தும் காதல் கடிதம் லீபெஸ்ப்ரீஃப். முட்டை ஒன்று, இட்டதும் ஒரே கோழி, ஆனாலும் அது ஹ்யூனர்ஐ. ஹ்யூனர் என்பது கோழிகள் என்னும் பன்மை வடிவம். பொருளுக்காக இல்லையென்றால் இந்த ஒலி எதற்காக? ஒரு பகுதி விடையை இந்த ஜோடியில் பார்க்கலாம். ஹோஃப் என்றால் முற்றம், மௌவர் என்றால் சுவர், முற்றத்துச் சுவர் ஹோஃப்மௌவர். அங்கே சாரியை இல்லை. கல்லறைத் தோட்டம் ஃப்ரீட்ஹோஃப். அதன் சுவரோ ஃப்ரீட்ஹோஃப்ஸ்மௌவர், இங்கே ‘ஸ்’ வந்துவிட்டது. ‘இதுவரை வந்ததெல்லாம் சேர்ந்து ஒன்று, பெரிய வெட்டு இந்த இடத்தில்’ என்று கேட்பவருக்கு அது சைகை காட்டுகிறது. இது எல்லாச் சொல்லிலும் பிசகாமல் நடக்கும் விதியன்று, ஒரு போக்கு மட்டுமே. ஆனால் ‘உங்’ என்று முடியும் சொல் முன்னால் நின்றால் ‘ஸ்’ ஏறக்குறைய தவறாமல் வரும். சட்டப் பெயர்களில் அது திரும்பத் திரும்ப ஒலிப்பது அதனால்தான்.

அசை பிரிப்புக்கு வருவோம், என் வாதத்துக்கு வலுவான சான்று அங்கேதான் இருக்கிறது. வரி முடியும் இடத்தில் சொல்லை உடைக்க ஜெர்மனில் இரண்டு படிகள். முதலில் மூட்டில் உடைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் ஒவ்வொரு துண்டுக்குள்ளும் அசையாக உடைக்கலாம். துண்டுக்குள் விதி எளிது: இரண்டு உயிர்களுக்கு நடுவே ஒரு மெய் இருந்தால் அது அடுத்த அசைக்குப் போகும், பல இருந்தால் கடைசி மெய் மட்டும் போகும். இந்தக் கணக்கில் நம் சட்டப் பெயருக்கு 20 அசைகள். இதில் ஒரு முரண் தெரியும். யூபர்வாஹுங் என்ற சொல்லில் வினைப்பகுதி வாஹ், விகுதி உங். பொருளைப் பார்த்தால் வாஹ்-உங் என்று உடைக்க வேண்டும். விதியோ வா-ஹுங் என்கிறது. விகுதியிடம் பொருள் தோற்கிறது, மூட்டில் மட்டும் ஜெயிக்கிறதே, இது என்ன நியாயம் என்று கேட்கலாம். வாயைக் கவனித்தால் நியாயம் புரியும். உயிரில் தொடங்கும் விகுதி முன்னிருக்கும் மெய்யை இழுத்துக்கொள்கிறது. மூட்டில் அது நடப்பதில்லை. நம் சட்டப் பெயரில் வாஹுங்ஸ் என்பதை அடுத்து அவுஃப்காபன் வருகிறது. மெய்யை அடுத்து உயிர். கடலோடு அலை சேர்ந்தால் தமிழில் கடலலை, ல் மேல் அ ஏறி உட்கார்ந்துவிடும். ஜெர்மன்காரர் ‘ஸவுஃப்’ என்று சொல்லமாட்டார். தொண்டையில் சின்னதாக ஓர் அடைப்புப் போட்டுவிட்டுப் புதிதாக ‘அவுஃப்’ என்று தொடங்குவார். பொருளைவிடக் காதே இந்த விதிக்கு அடிப்படை என்பேன். பழைய விதி ஒன்று, ‘ஸ்’ஸையும் ‘ட்’டையும் ஒருபோதும் பிரிக்காதே என்று கண்டிப்பாகச் சொன்னது, ஜன்னலைக் குறிக்கும் சொல்லை ஃபென்-ஸ்டர் என்றே உடைத்தார்கள். அந்த நாளிலும் வியாழக்கிழமையை டோனர்ஸ்-டாக் என்று தயங்காமல் பிரித்தார்கள், அங்கே நடுவில் மூட்டு இருந்ததால். ஸ்விட்சர்லாந்தில் இந்தத் தொண்டை அடைப்பு பெரும்பாலும் கேட்பதில்லையே என்பது நியாயமான மறுப்பு. அங்கும் ஒவ்வொரு துண்டும் தன் அழுத்தத்தை விட்டுக்கொடுப்பதில்லை.

எழுத்து எதை இழக்கிறது என்பதற்கு ஷ்டௌபெக்கன் போதும். ஷ்டௌ-பெக்கன் என்றால் நீர்த்தேக்கம். ஷ்டௌப்-எக்கன் என்றால் தூசி படிந்த மூலைகள். எழுத்துக்கு எழுத்து இரண்டும் ஒன்றே. பேச்சில் குழப்பமே வராது: நீர்த்தேக்கத்தில் அந்தப் பகரம் ‘கம்பம்’ என்பதில் ஒலிப்பதுபோல மெலிந்து வரும், தூசியில் ‘அப்பம்’ என்பதில் ஒலிப்பதுபோல வலித்து, பிறகு அந்த அடைப்பு. தாமரை, வேங்கை என்று நம் இலக்கணக்காரர்கள் பொதுமொழிக்கு உதாரணம் காட்டினார்களே, அதே ரகம்தான். இதைவிட விநோதம் கப்பல் போக்குவரத்துக்கு நேர்ந்தது. கப்பலைக் குறிக்கும் ஷிஃப் இரண்டு எஃப் எழுத்தில் முடியும், பயணத்தைக் குறிக்கும் ஃபார்ட் ஒரு எஃப்பில் தொடங்கும். மூன்று எஃப் அடுத்தடுத்து வந்து பின்னால் உயிரும் வந்தால் ஒன்றை விட்டுவிடு என்றது பழைய விதி. 1829-இல் வியன்னாவில் தொடங்கிய தன்யூப் நீராவிக் கப்பல் நிறுவனத்தின் புகழ்பெற்ற பெயரில், இந்த மூட்டில் இரண்டே எஃப்தான். ஆனால் வரி முடிவில் சொல் உடைந்தால் மூன்றாவது எஃப் எங்கிருந்தோ வந்து நிற்கும்: ஷிஃப்-ஃபார்ட். உடைந்தால் மட்டும் முழுமையாகும் சொல்! 1996 எழுத்துச் சீர்திருத்தம் மூன்றையும் எப்போதும் எழுதச் சொன்னபோது அவலட்சணம் என்று கூச்சல் எழுந்தது. கண்ணுக்கு உறுத்தல்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதன்பின் மூட்டு வரியின் நடுவிலும் தெரிகிறது. சீர்திருத்தத்தில் பலவற்றோடு எனக்கு ஒப்புதல் இல்லை, இது சரியான முடிவு.

மூட்டுக்கு முதலிடம் தரும் விதி இருக்கிறதே, பிறகென்ன சிக்கல் என்று கேட்கலாம். விதியை மீறாமலே விபத்து நடக்கிறது. ஆதி உள்ளுணர்வுக்கு ஜெர்மனில் ஊர்-இன்ஸ்டிங்க்ட். ‘இன்’னுக்குப் பிறகும் ஓர் அசை முடிவதால் அங்கே உடைப்பதும் செல்லும். அப்படி உடைத்தால் முதல் வரி முடிவில் சிறுநீர் என்ற சொல் நிற்கும், அடுத்த வரி ‘நாறுகிறது’ என்று தொடங்கும். மாற்றாந்தாய் தந்தையரைக் குறிக்கும் ஷ்டீஃப்-எல்டர்ன் இரண்டாம் அசையில் உடைந்தால் பூட்ஸ் செருப்பு முளைக்கும். படிப்பவரைத் திசைதிருப்பும் இடத்தில் உடைக்காதீர்கள் என்று அறிவுரைதான் சொல்ல முடிகிறது. 1983-இல் ஸ்டான்ஃபோர்டில் ஃபிராங்க்ளின் லியாங் எழுத்துக் கோவைகளைக் கொண்டே உடைப்பிடங்களைக் கண்டுபிடிக்கும் முறையை ஆய்வேடாகத் தந்தார். டெக் அச்சுக்கோப்பு நிரல் இன்றும் அதைத்தான் நம்பியிருக்கிறது. பெரும்பாலான சொற்களை அது அழகாக உடைக்கும். ஷ்டௌபெக்கனை எழுத்தை மட்டும் பார்த்து எந்த நிரலும் உடைத்துவிட முடியாது. அந்த வாக்கியம் அணையைப் பற்றியதா, பெருக்காத வீட்டைப் பற்றியதா என்று தெரிந்தாக வேண்டும்.

அப்படியானால் ஆங்கிலம்போல இடைவெளி விட்டு எழுதித் தொலைக்கலாமே? 1880-இல் மார்க் ட்வைன் ஜெர்மனைக் கிண்டலடித்து எழுதிய கட்டுரையில் சொன்ன குறையும் ஏறக்குறைய இதுதான். இவற்றைச் சொல் என்றே ஏற்க அவருக்கு மனமில்லை. எனக்கு இதில் உடன்பாடில்லை. இடைவெளி விட்டால் எது அடை, எது தலைமை என்ற கட்டு அவிழ்ந்துவிடும். முன்னால் வரும் பெயரடை எந்தப் பாலுக்கு இணங்க வேண்டும் என்ற கேள்வி நடுவழியில் நிற்கும். தேவையில்லாத இடத்தில் விடும் இடைவெளியை ஜெர்மானியர்கள் ‘முட்டாள் இடைவெளி’ என்று திட்டுவதற்குக் காரணம் வெறும் பழக்கம் மட்டுமில்லை. அந்தச் சட்டப் பெயர்களை யாருமே பேசுவதில்லை என்ற மறுப்பில் உண்மை இருக்கிறது. மாணவர் கல்வி உதவிச் சட்டம் 1971-இல் வந்தது. முழுப்பெயர் வாயில் நுழையாததால் அது பாஃபொக் ஆகிவிட்டது. ஆனால் இடைவெளிக்கும் ஒட்டுக்கும் நடுவே இணைப்புக்கோடு ஒன்று இருக்கிறது. குழப்பும் கூட்டுச்சொல்லில் அதைப் போட்டுக்கொள்ள விதியே அனுமதிக்கிறது. படிப்பதில் சிரமமுள்ளவர்களுக்காக எழுதப்படும் ‘எளிய மொழி’ ஏடுகளில் நாடாளுமன்றத்தின் பெயரையே புண்டெஸ்-டாக் என்று கோடிட்டு அச்சிடுகிறார்கள். கோட்டுக்குப் பதில் நடுவில் ஒரு புள்ளி வைப்பவர்களும் உண்டு. மொழியைச் சிதைக்கிறார்கள் என்று இதற்கும் எதிர்ப்பு வருகிறது. சிதைவு எதுவும் எனக்குத் தெரியவில்லை. வாய் ஏற்கெனவே நிறுத்தம் விடும் இடத்தில்தான் கோடு விழுகிறது. மெக்லென்பர்க்கின் சட்ட வரைவாளர்களும் ‘கண்காணிப்பு’ முடிந்த இடத்தில் ஒரே ஒரு கோடு போட்டிருந்தால் அவையில் இவ்வளவு சிரிப்பு எழுந்திருக்காது.