பாதிப் பேச்சு

திருவல்லிக்கேணி மேன்ஷன் தெரியுமல்லவா உங்களுக்கு? அதிலிருந்து கட்டிலையும் கொடிக்கயிற்றையும் எடுத்துவிட்டு மேஜை, ஏ.சி., காபி மெஷின் வைத்தால்... கோ-வொர்க்கிங்! ஓ.எம்.ஆர்., கிண்டி பக்கம் இப்போது தடுக்கி விழுந்தால் இதுதான். சொந்தமாக ஆபீஸ் போட வக்கில்லாத என்னைப் போன்ற ஃப்ரீலான்ஸ் ஆசாமிகளுக்கு மாத வாடகையில் ஒரு நாற்காலி.

இதை 2005-ல் சான்ஃபிரான்சிஸ்கோவில் ஆரம்பித்துவைத்தவர் பிராட் நியூபெர்க் என்ற புரோகிராமர். ஆபீஸ் போனால் சுதந்திரம் போச்சு, வீட்டிலேயே இருந்தால் பேச ஆளில்லை. இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் வேண்டும் என்று நினைத்தார். முதல் மாதம் ஒருத்தரும் வரவில்லையாம். கோ-வொர்க்கிங் சரித்திரத்தில் பரிபூரண அமைதி நிலவியது அந்த ஒரு மாதம்தான் என்பது என் அபிப்பிராயம்.

சத்தத்தில் இரண்டு ஜாதி உண்டு. ஏ.சி. உறுமுகிறது, வெளியே தண்ணி லாரி ஹார்ன் அடிக்கிறது. காது பழகிவிடும். ஆனால் பக்கத்து ஸீட்காரர் போனை எடுத்து, "சொல்லு... ஐயையோ! எப்ப? யாரு, அவனா?" என்றால் தீர்ந்தது. எவன்? என்ன பண்ணினான்? தெரியாமல் அடுத்த வரி டைப் அடிக்க முடியுமா, சொல்லுங்கள்?

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் லாரன் எம்பர்ஸனும் சகாக்களும் 2010-ல் வெளியிட்ட ஆராய்ச்சி சொல்வதும் இதைத்தான். சிலரைக் கம்ப்யூட்டர் முன் உட்காரவைத்து, கவனம் தேவைப்படும் வேலை கொடுத்து, போன் பேச்சைக் காதில் போட்டார்கள். இரண்டு பக்கமும் கேட்டபோது வேலை ஒழுங்காக நடந்தது. ஒரு பக்கம் மட்டும் கேட்டபோதுதான் கவனம் சிதறியது. அடுத்து என்ன வரும் என்று ஊகிக்க முடியாமல் மூளை தவிக்கிறதாம்.

உடனே, "அப்ப ஸ்பீக்கர்ல போட்டுப் பேசறேன்" என்று கிளம்பிவிடாதீர்கள். நாற்காலி பறக்கும்!

இன்னொரு சமாசாரம். சுற்றிலும் சத்தம் ஏறினால் நம் குரலும் தானாக ஏறும். எத்தியென் லொம்பார்ட் என்ற பிரெஞ்சு டாக்டர் 1911-லேயே இதைக் கண்டு சொல்லிவிட்டார். ஒருத்தர் கத்த, அடுத்தவர் அதற்கு மேல் கத்த, பதினோரு மணிக்கெல்லாம் எங்கள் ஹால் கோயம்பேடு மார்க்கெட். காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பேசுபவருக்குத் தன் குரலே சரியாகக் கேட்பதில்லை. அவர் தனி ராகம். நல்ல சேதி என்னவென்றால், ஒரே ஒருத்தர் இறங்கினாலும் அடுத்தவர் கொஞ்சம் இறங்குவார்.

பி.காம். படித்தவன் புத்தி எனக்கு இதை டபுள் என்ட்ரியாகத்தான் பார்க்கிறது. பேசுபவர் கணக்கில் வரவு, பக்கத்து ஸீட் கணக்கில் செலவு. செலவைக் குறைக்கச் சில வழிகள்:

இரண்டு நிமிஷத்தைத் தாண்டும் போனா? எழுந்து போய்விடுங்கள். ஹெட்போன் மாட்டியவர் தோளைத் தட்டாதீர்கள். ஒரு மெசேஜ் போதும். சத்தக்காரரிடம், "மெதுவா பேசுங்க" என்றால் சண்டைதான் வரும். "பாஸ், உங்க கிளையன்ட் ரேட் எல்லாம் எனக்குக் கேக்குது" என்று அன்பாகச் சொல்லிப் பாருங்கள். குரல் பாதாளத்துக்கு இறங்கிவிடும்!

விளையாட்டாகச் சொல்லிவிட்டேன். ஆனால் போன மாதம் ஒரு பிற்பகல், எதிர் வரிசைத் தம்பிக்கு போன் வந்தது. பையனுக்கு இருபத்தைந்து வயசு இருக்கும். "சார்... பத்தாம் தேதி கட்டிடறேன் சார்... வீட்டுக்கு மட்டும் ஆள் அனுப்பாதீங்க, அப்பாவுக்குத் தெரியாது சார்..." வாயைக் கையால் பொத்திக்கொண்டுதான் பேசினான். பாதிப் பேச்சுதான். மீதியை ஊகிக்க இந்தத் தடவை யாருக்கும் மூளை தேவைப்படவில்லை. பத்துப் பேரும் ஸ்கிரீனையே முறைத்துக்கொண்டிருந்தோம். காதில் விழாத மாதிரி இருப்பதும் ஒரு மரியாதைதான்.

அவன் முதலில் ஓடிப் பார்த்தது போன் பூத்துக்குத்தான். உள்ளே ஒருத்தர் கதவைச் சாத்திக்கொண்டு, கிரிக்கெட் பார்த்தபடி பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

பிரியாணியை பான்ட்ரியில் சாப்பிடலாம், சார். கடனுக்குத் தவணை கேட்பதை அங்கே செய்ய முடியாது.