பறக்கும் புலிகளும் ஒரு சொல்லும்

தலைப்பைப் பார்த்து வேறெதையும் எண்ணிவிட வேண்டாம். இரண்டாம் உலகப் போரின்போது சீனாவின் வானைக் காத்து நின்ற அமெரிக்கத் தொண்டர் விமானிகளையே உலகம் பறக்கும் புலிகள் என்று அழைத்தது.

1996 இல் அவர்களுக்கு அமெரிக்க விமானப்படை பதக்கம் வழங்கியது. அச்செய்தியை நான் மொழிபெயர்த்துக் கொடுத்தபோது, மூத்த சக ஊழியர் ஒருவர் 'தொண்டர்கள்' என்ற சொல்லை வெட்டிவிட்டு 'கூலிப்படையினர்' என்று திருத்தினார். நான் வாதாடவில்லை. அந்தத் திருத்தம் இன்றுவரை என்னை உறுத்துகிறது.

அவர் கூறியதில் நியாயமே இல்லை என்பதற்கில்லை. அமெரிக்க இராணுவத்திலிருந்து ஓய்வுபெற்ற கிளெயர் செனோல்ட், 1937 முதல் சியாங் காய் ஷேக்கின் அரசுக்கு விமானப்படை ஆலோசகராக இருந்தவர். 1941 இல் அவருக்காகத் திரட்டப்பட்ட சுமார் நூறு விமானிகள், தத்தம் படைகளிலிருந்து விலகி, தனியார் நிறுவனமொன்றின் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டே வந்தனர். பெரும்பாலானோருக்கு மாதச் சம்பளம் 600 டொலர். வீழ்த்தும் ஒவ்வொரு ஜப்பானிய விமானத்துக்கும் மேலதிகமாக 500 டொலர்.

ஆயினும், குன்மிங் நகரத்து மக்களின் இடத்தில் நின்று இதனைப் பார்க்க வேண்டும். 1938 முதல் அவர்கள் தலைமீது குண்டுகள் விழுந்துகொண்டிருந்தன. தடுப்பதற்குப் போதிய விமானங்கள் இல்லை. 1941 டிசெம்பர் 20 ஆம் திகதி பத்து ஜப்பானியக் குண்டுவீச்சு விமானங்கள் வந்தன. மூக்கில் சுறாமீனின் வாய் தீட்டப்பட்ட பி-40 விமானங்கள் அவற்றை எதிர்கொண்டன. வந்தவை நகரை அடையுமுன்னரே குண்டுகளைக் கொட்டிவிட்டுத் திரும்பின. அன்று உயிர் தப்பியவர்களிடம் சென்று, உங்களைக் காத்தவர்கள் சம்பளத்துக்கு வந்தவர்கள் என்று கூறினால் அவர்கள் என்ன பதில் கூறியிருப்பார்கள்?

அதே மாதம் 23 ஆம், 25 ஆம் திகதிகளில் இவர்களுள் ஓர் அணியினர் பிரித்தானிய விமானப்படையுடன் சேர்ந்து ரங்கூன் வானிலும் போரிட்டனர். ஆயிரக்கணக்கான தமிழர் உழைத்து வாழ்ந்த நகரம் அது. 1942 மார்ச்சில் அது வீழ்ந்தது என்பது வேறு கதை.

உதவி ஒருவழிப் பாதையாகவும் இருக்கவில்லை. பகை விமானங்கள் வருவதைத் தொலைபேசி வழியாகவும் வானொலி வழியாகவும் அறிவித்தவர்கள் சீனர்களே. பாரிய கல் உருளைகளைக் கையால் இழுத்து ஓடுபாதைகளைச் சமன் செய்தவர்களும் அவர்களே. இவர் நமக்கு உதவ வந்தவர், இவரைக் காப்பாற்றுங்கள் என்று சீன மொழியில் அச்சிட்ட துணி விமானிகளிடம் இருந்தது. அதை மதித்த கிராமத்தவர்கள், வீழ்ந்த விமானிகளை மறைத்துக் காத்தனர். 1942 ஏப்ரலில் டோக்கியோவைத் தாக்கிவிட்டு வந்து சீனாவில் இறங்கிய வேறு அமெரிக்க விமானிகளுக்கு அடைக்கலம் கொடுத்ததன் பின்னர், ஜெஜியாங், ஜியாங்சி மாகாணங்களில் ஜப்பானியப் படை பழிதீர்த்தது. அதில் மாண்டோர் இரண்டரை இலட்சம் வரையில் என்று மதிப்பிடுவோரும் உளர். கூலி எதுவும் பெறாத அம்மக்களை நாம் எந்தச் சொல்லால் அழைப்பது?

1942 ஜூலை 4 ஆம் திகதி அந்தத் தொண்டர் அணி கலைக்கப்பட்டது. 1950 இல் கொரியாவில் அமெரிக்காவும் சீனாவும் நேருக்கு நேர் மோதின. நன்றி ஊமையாயிற்று. உறவு சீரடைந்தபோது அது மீண்டும் பேசியது. 2023 இல் சீன அதிபர் ஷி ஜின்பிங், அப்பெயரைத் தாங்கிய பிற்காலப் படையின் முதியவர்களுக்குக் கடிதம் எழுதினார். அரசுகளின் நன்றி தேவையைப் பொறுத்தது. மக்களின் நன்றி அத்தகையதன்று. நான்ஜிங் நினைவிடத்தில் சீன, சோவியத், அமெரிக்க விமானிகளின் பெயர்கள் ஒருங்கே பொறிக்கப்பட்டுள்ளன. அமெரிக்கருக்கு முன்னரே வந்து போரிட்டு மடிந்த சோவியத் விமானிகளையும் மறவாமையே நேர்மை.

முதல் அணியில் எஞ்சியிருந்த கடைசி மனிதரும் 2020 இல் மறைந்துவிட்டார். அந்தச் செய்தி இன்று மீண்டும் என் மேசைக்கு வருமாயின், சம்பளத்தையும் மறைக்காமல் எழுதுவேன். 'தொண்டர்கள்' என்ற சொல்லையும் வெட்ட விடமாட்டேன்.