கழற்றி மாட்டும் இறக்கைகள்

மட்டாஞ்சேரியில் வாழும் நம்மவர்க்கு ஆகாய விமானம் அரிய காட்சியன்று. காயலுக்கு அப்பால், வில்லிங்டன் தீவில், 1953-ஆம் ஆண்டு முதல் கடற்படையின் ‘கருடா’ விமானத்தளம் இயங்கி வருகிறது. 1961-இல் கடற்படையில் சேர்ந்த முதல் விக்ராந்த் கப்பல் சுமந்த ஸீ ஹாக், அலிஸே விமானங்களும் சரி, நம் கொச்சிக் கப்பல் கட்டும் தளத்திலேயே உருவாகி 2022-இல் கடற்படையில் சேர்ந்த புதிய விக்ராந்துக்குரிய மிக்-29கே விமானங்களும் சரி, இறக்கையை மடக்கிக்கொள்ளும் அமைப்புடையவை. கப்பலில் இடம் சுருக்கம்; ஆகவே பறவையைப் போலவே அவையும் இறங்கியபின் சிறகை ஒடுக்கிக்கொள்கின்றன.

கப்பலில் கடற்படைக்கு உள்ள இடநெருக்கடி, சொந்த முயற்சியில் சிறு விமானம் கட்டுவோருக்கு வீட்டிலும் தெருவிலும் உண்டு. இருவர் அமரும் எளிய விமானத்திற்குக்கூட ஓர் இறக்கை நுனியிலிருந்து மறு நுனி வரை 9 அல்லது 10 மீட்டர் அகலம் இருக்கும். நம் நாட்டுச் சாலை விதியோ வண்டியின் அகலம் 2.6 மீட்டருக்கு மேற்படலாகாது என்கிறது. இரண்டு லாரிகள் எதிரெதிரே வந்தாலே வழியடைத்துப் போகும் நம் பஜார் சாலையை நினைத்துப் பார்த்தால் இந்தச் சங்கடம் எளிதில் விளங்கும். இதற்கு ஒரு வழி, இறக்கைகளைக் கழற்றி வண்டியில் ஏற்றிச் சென்று, பறக்கும் திடலில் மீண்டும் மாட்டுவதாகும். அதைப் பற்றியே இம்மாதம் சிறிது ஆராய்வோம்.

இவ்வாசை இன்று நேற்றுத் தோன்றியதன்று. 1910-இல் சென்னையில் டி’ஏஞ்செலிஸ் என்ற ஹோட்டல் உரிமையாளர் தாம் வகுத்த திட்டப்படி ஒரு விமானத்தைச் சிம்ப்ஸன் வண்டிப் பட்டறையில் செய்வித்துப் பல்லாவரத்தில் பறக்கவிட்டார். அமெரிக்காவில், வீட்டிலே கட்டி, இறக்கையை மடக்கி, காரின் பின்னே இழுத்துச் செல்லத்தக்க விமானத்திற்காகவே ஒரு போட்டி நடைபெற்றது. போயிங் நிறுவனத்துப் பொறியாளர் பீட்டர் பவர்ஸ் மரத்தாலும் துணியாலும் உருவாக்கிய ‘ஃபிளை பேபி’ 1962-இல் அப்போட்டியில் வென்றது.

நமக்கு மிக அண்மையிலுள்ள சான்று தொடுபுழையை அடுத்த தட்டக்குழையைச் சேர்ந்த சஜி தாமஸ் அவர்கள். பிறவியிலேயே செவிப்புலனும் பேச்சும் வாய்க்கப்பெறாதவர். ஏழாம் வகுப்போடு பள்ளிப்படிப்பு நின்றவர். ரப்பர்த் தோட்டங்களுக்கு மருந்து தெளிக்க வந்த ஹெலிகாப்டர்களைச் சிறுவயதிற் கண்டதே அவருள்ளத்தில் விழுந்த வித்து. பல்லாண்டு உழைத்து, இருவர் அமரும் இலகு விமானமொன்றைத் தம் கையாலேயே கட்டி முடித்தார். மலையும் தோட்டமும் நெருங்கிய அவ்வூர்ப் பக்கத்தில் அதற்கு ஓடுதளம் ஏது? நெல்லைச் சீமையின் மணிமுத்தாற்றில், ஓய்வுபெற்ற விங் கமாண்டர் எஸ்.கே.ஜே. நாயர் அதனை ஓட்டிப் பறக்கச் செய்தார். நம்முள் பலர் மலையைக் கடந்து பிழைப்புத் தேடி இங்கே வந்தோம். அவ்விமானமோ மலையைக் கடந்து நம் பக்கம் சென்று வானேறியது. 2017-இல் வெளியான ‘விமானம்’ என்னும் மலையாளத் திரைப்படம் அன்னாரின் வாழ்க்கையைத் தழுவியதே.

இனி, இறக்கை எவ்வாறு உடலோடு பொருந்துகிறது என்று காண்போம். இறக்கைக்குள் முதுகெலும்பு போல் ஒரு நெடுவிட்டம் ஓடுகிறது. ஸ்பார் என்பது அதன் பெயர். அதன் அடியிலுள்ள உலோகக் காதும், விமான உடலிலுள்ள காதும் ஒன்றோடொன்று பொருந்தி நிற்க, இரண்டின் துளையிலும் ஓர் எஃகு முளையாணி செருகப்படுகிறது. பின்புறம் சிறிய விட்டத்திற்கு இன்னொரு முளையாணி. இறக்கையைக் கீழிருந்து தாங்கும் சாய்கால் இருப்பின் அதற்கும் தனியே முளையாணிகள் உண்டு. முளையாணி நழுவாதிருக்க அதன் முனையில் காட்டர் பின் என்னும் சிறு கம்பி பூட்டப்படும்.

இந்தச் சிறு ஆணிகள் சுமக்கும் பாரம் எத்தகையது? 400 கிலோ எடையுள்ள விமானம் நேராகப் பறக்கையில் இரண்டு இறக்கைகளும் ஏறத்தாழ 200 கிலோ வீதம் தாங்குகின்றன. அதே விமானம் உயரம் குறையாமல் 60 பாகை சாய்ந்து திரும்பினால் பாரம் இரு மடங்காகும். ஒவ்வோர் இறக்கையும் 400 கிலோ தாங்கவேண்டும். அவ்வளவும் இணைப்புகளின் வழியாகவே உடலைச் சேர்கிறது. ‘அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது’ என்ற நம் முதுமொழி இங்கே முழுப் பொருளோடு பொருந்துகிறது. தேர் ஓடாவிடில் நின்றுவிடும்; விமானத்திற்கு நடுவானில் நிற்க இடமில்லை.

வண்டியில் ஏற்றுவதிலும் நுட்பம் உண்டு. இறக்கையைப் படுக்க வைத்து அதன்மேல் பொருள்களை அடுக்குதல் ஆகாது. வலிமை மிக்க முன்விளிம்பு கீழே இருக்குமாறு செங்குத்தாக நிறுத்தி, மெத்தை தைத்த தாங்கிகளில் அமர்த்தி, அகன்ற பட்டைகளால் கட்டவேண்டும். மெலிந்த பின்விளிம்பில் பாரம் விழலாகாது. அங்கே அசையும் மடல்களை, அதாவது ஐலரான்களை, காற்றில் அடித்துக்கொள்ளாதவாறு பூட்டிவைத்தல் வேண்டும். காற்றைத் தாங்கப் பிறந்த இறக்கைக்குச் சாலைக் குலுக்கல் பழக்கமில்லாத பகை. மேலும், அடிக்கடி கழற்றி மாட்டுவதால் துளைகள் தேய்ந்து வட்டம் நீள்வட்டமாகும். மாட்டிய பின் இறக்கை நுனியைப் பற்றி மேலும் கீழும், முன்னும் பின்னும் மெல்ல அசைத்துப் பார்த்தால் ஆட்டம் இருப்பது கைக்கே தெரியும்.

ஆயினும் பெரிய ஆபத்து ஆணியிலும் இல்லை, சாலையிலும் இல்லை, மறதியில் இருக்கிறது. இறக்கை மாட்டப்பட்டு விமானம் முழுமையாகக் காட்சி தரும். ஆனால் கைப்பிடித் தண்டிலிருந்து ஐலரானுக்குச் செல்லும் கோல் இணைக்கப்படாமல் உள்ளே தொங்கிக்கொண்டிருக்கும். வெளியே நின்று பார்ப்பவருக்கு அது புலப்படாது. பறக்கும் ஒவ்வொரு நாளும் இறக்கை மாட்டப்படும் எஞ்சினில்லாக் கிளைடர் விமானங்களில் இத்தகைய மறதியால் உயிர்கள் போயிருக்கின்றன. அதிலிருந்து பிறந்தவையே இன்றைய ஒழுங்குகள். மாட்டுகிறவரிடம் அவ்வேளையில் யாரும் பேச்சுக் கொடுக்கலாகாது. இடையில் வேலை தடைப்பட்டால் விட்ட இடத்திலிருந்து தொடராமல் முதலிலிருந்தே சரிபார்க்க வேண்டும். முடிந்தபின், மாட்டாத வேறொருவர் ஒவ்வோர் இணைப்பையும் கண்ணாலும் கையாலும் சோதிக்க வேண்டும். இறுதியில் ஒருவர் வெளியே ஐலரானை அழுத்திப் பிடித்திருக்க, மற்றவர் உள்ளே தண்டை அசைப்பார். பிடித்த கைக்கு எதிர்ப்பு உணரப்பட்டால்தான் இணைப்பு மெய்.

இவ்வளவையும் செய்தபின்னும் நினைத்தபோது பறந்துவிட இயலாது. பதிவும், பறக்கும் அனுமதியும், ஓட்டுபவருக்கு உரிமமும் வேண்டும். சஜி தாமஸ் போன்றோரின் துணிவைப் போற்றும் நாம், அனுபவமுள்ள விமானியிடம் விமானத்தை ஒப்படைத்த அவருடைய நிதானத்தையும் சேர்த்தே போற்றுதல் தகும்.

நம் இல்லங்களில் ரேடியோவையோ சைக்கிளையோ பிரித்துப் போட்டுவிட்டு ஏச்சு வாங்கும் பிள்ளைகள் இல்லாமலில்லை. பெற்றோர் அவர்களை அடக்கவேண்டா என்பதே நம் வேண்டுகோள். பிரித்ததை ஒழுங்காக வரிசைப்படுத்தி வைக்கவும், மீண்டும் பூட்டியபின் ஓர் ஆணியும் மிஞ்சவில்லை என்று எண்ணிப் பார்க்கவும், தம் வேலையை மற்றொருவர் சோதிப்பதை இழுக்காகக் கருதாதிருக்கவும் பழக்குங்கள். பிற்காலத்தில் அவர்கள் மாட்டப்போவது இறக்கையோ, பேருந்தின் பிரேக்கோ, மருத்துவமனைக் கருவியோ, யாரறிவார்? அவற்றை நம்பி ஏறி அமர்பவர் நம்மில் ஒருவராகவும் இருக்கலாம்.