கால் தரையில் படுகிற வண்டி

எங்கள் மாலைப் படிப்பகத்தில் சிறுவனாக வந்து உட்கார்ந்து படித்த தம்பி ஒருவன் இப்போது சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். போன மாதம் ஒரு நாள் வந்து செல்போனை எங்கள் முன் நீட்டினான். வரிசையாக நான்கு வண்டிகளின் படம். புல்லட், மீட்டியார், ஹண்டர், அவெஞ்சர். "எத எடுக்கலாம்னு சொல்லுங்கண்ணா" என்றான். கியர் வண்டி ஓட்டிப் பழக்கமில்லாதவன். அப்பாவின் எக்ஸ்எல்லை ஓட்டியிருக்கிறான், நண்பனின் ஸ்கூட்டரை ஓட்டியிருக்கிறான். கையில் எல்.எல்.ஆர். மட்டும் இருக்கிறது.

நாங்கள் பதில் சொல்லும் முன்பே அவன் அம்மா சொன்னார். "எது வேணா வாங்கட்டும் சார். புல்லட்டு மட்டும் வேணாம்."

பையன் வேகமாக ஓட்டி விழுந்துவிடுவான் என்ற பயம் என்றுதான் முதலில் நினைத்தோம். அது இல்லை. அவருடைய தாய்வீடு விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு சேரி. பேருந்து நிற்கும் இடத்திலிருந்து அங்கே போக, ஊர்த் தெருவைத் தாண்டித்தான் போக வேண்டும். அவர் அப்பா காலத்தில் அந்தத் தெருவில் சைக்கிளை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டு போக வேண்டும் என்பது வழக்கம். இப்போது அப்படி யாரும் சொல்வதில்லை. ஆனால் பேரன் டப்டப்பென்ற சத்தத்தோடு அந்தத் தெருவில் நுழைந்தால் என்ன ஆகும் என்று அவருக்கு ஒரு கணக்கு இருக்கிறது. டி.வி.யில் பார்த்த கணக்கு அது.

2025 பிப்ரவரி 12. சிவகங்கை மாவட்டம் மானாமதுரை பக்கம் மேலப்பிடாவூர். புல்லட்டில் வீடு திரும்பிக்கொண்டிருந்த தலித் கல்லூரி மாணவரை வழிமறித்துக் கைகளை வெட்டினார்கள். எங்கள் முன்னால் நீ எப்படி இந்த வண்டியை ஓட்டலாம் என்று கேட்டு வெட்டினார்கள் என்பது புகார். மூன்று பேர் கைதானார்கள். வெட்டியது கைகளை என்பதை நாங்கள் மறுபடி மறுபடி யோசித்தோம். கிளட்ச் பிடிக்கும் கை, ஆக்சிலேட்டர் முறுக்கும் கை.

இதை ஏதோ மூன்று பேரின் வெறி என்று ஒதுக்க முடியாது. ஒதுக்க முடியாது என்பதை நாடாளுமன்றமே எழுதி வைத்திருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் திருத்தம் கொண்டுவந்து, 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைப்படுத்தினார்கள். அதில் 3(1)(za)(B) என்ற பிரிவைத் தேடிப் படியுங்கள். பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ பொது இடத்தில் சைக்கிள் அல்லது மோட்டார் சைக்கிள் ஓட்டுவதை, செருப்போ புத்தாடையோ அணிவதை, திருமண ஊர்வலம் போவதை, அதில் குதிரை ஏறுவதைத் தடுத்தால் குற்றம். ஆறு மாதத்துக்குக் குறையாமல் ஐந்து ஆண்டு வரை சிறை. மோட்டார் சைக்கிள் என்ற சொல்லைச் சாதிக் கொடுமைப் பட்டியலில் போட்டுச் சட்டம் எழுதவேண்டி வந்த நாடு இது. வண்டி வாங்கப் போகிறவன் ஆர்.சி., இன்சூரன்ஸோடு இந்தப் பிரிவின் எண்ணையும் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

செருப்பு என்றதும் எங்கள் ஊர்க் கதை ஒன்று நினைவுக்கு வருகிறது. 1873இல் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற வழக்குரைஞர் ஐரோப்பியர்போலக் காலணி அணிந்து புதுச்சேரி நீதிமன்றத்துக்குள் போனார். அபராதம் போட்டார்கள். பாரிஸ் வரை மேல்முறையீடு செய்து வென்றார். நல்லது. அவர் வெள்ளாளர், போய் முறையிட அவருக்குப் பாரிஸ் இருந்தது. அதே காலத்தில் எங்கள் பாட்டன்கள் எத்தனை தெருக்களில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார்கள் என்பதற்கு எந்தத் தீர்ப்பும் இல்லை.

இன்னொரு பக்கம் முற்போக்கு நண்பர்கள் இருக்கிறார்கள். "சம்பாதிக்க ஆரம்பிச்ச உடனே எதுக்குத் தோழர் இந்தப் பையன்களுக்கு புல்லட்டு? அந்தக் காசுல மேல படிக்கலாமே" என்பார்கள். நாங்களும் சமூகவியல் படித்தவர்கள்தான், நுகர்வுப் பண்பாடு பற்றி நாங்களும் பரீட்சை எழுதியிருக்கிறோம். ஆனால் சனி, ஞாயிறு ஆனால் மிஷன் வீதியில் வாடகைக்கு எடுத்த வண்டியில் வெளியூர்ப் பையன்கள் சத்தம் போட்டுக்கொண்டு போகிறார்களே, அவர்களை நிறுத்தி இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியங்குளத்தில் போலீஸ் நுழைந்தபோது டி.வி.யையும் மின்விசிறியையும் தையல் மெஷினையும் தேடித் தேடி உடைத்தது. வெளிநாட்டுக்குப் போய்ச் சம்பாதித்து வாங்கிய பொருட்கள் அவை. எங்கள் வீட்டில் ஒரு பொருள் இருப்பதே சிலருக்குப் பிரச்சினை என்று தெரிந்த பிறகு, அந்தப் பொருள் தேவையா என்ற கேள்வியை எங்களிடம் கொஞ்சம் மெதுவாகத்தான் கேட்க வேண்டும்.

அதற்காக, ஆசைப்பட்டதை வாங்கு, நெஞ்சை நிமிர்த்தி ஓட்டு என்று முழக்கம் போட்டு அனுப்பிவிடவும் எங்களால் முடியவில்லை. அதற்குக் காரணம் அண்ணல்.

1929இல் அண்ணல் அம்பேத்கர் கமிட்டி வேலையாகக் கான்தேஷ் பகுதிக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் சாலிஸ்காவ்ன் ரயில் நிலையத்தில் இறங்கினார். அங்கிருந்த மகர் மக்கள் அவரைத் தங்கள் குடியிருப்புக்கு அழைத்துப் போக வந்திருந்தார்கள். தீண்டத்தகாதவரை ஏற்றிக்கொண்டு ஓட்ட டோங்காக்காரர்கள் மறுத்துவிட்டார்கள். விருந்தாளியை நடக்கவைப்பது மரியாதை இல்லை என்று நினைத்த மக்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். டோங்காவை மட்டும் வாடகைக்குக் கொடு, எங்கள் ஆளே ஓட்டுவான் என்றார்கள். ஓட்டியவருக்கு ஓட்டிப் பழக்கம் இல்லை. கிளம்பிய கொஞ்ச தூரத்திலேயே ஒரு காரில் மோதத் தெரிந்தது. பிறகு பாலத்தில் சக்கரம் கல்லில் மாட்டி, குதிரையும் வண்டியும் ஆற்றில் போய் விழுந்தன. அண்ணல் கல்தரையில் தூக்கி எறியப்பட்டார். கால் எலும்பு முறிந்தது. 'வெயிட்டிங் ஃபார் எ விசா'வில் இதை எழுதும்போது அவர் டோங்காக்காரனின் சாதித் திமிரைச் சொல்லிவிட்டு நிறுத்தவில்லை. விருந்தாளியின் கௌரவத்தைவிட அவன் உயிரோடு போய்ச் சேர்வது முக்கியம் என்பதைத் தன் மக்கள் மறந்துவிட்டார்கள் என்றும் எழுதுகிறார். தன்னை அன்பாக அழைத்தவர்களைப் பற்றியே அப்படி எழுதினார்.

இந்தக் கதையைத் தம்பிக்குச் சொன்னோம். சிரித்தான். "அப்ப ஸ்கூட்டியே வாங்கிக்கவாண்ணா?" என்றான். அதுவும் இல்லை. சரி, வண்டிக்கு வருவோம்.

அவன் உயரம் ஐந்தடி நான்கு அங்குலம். புல்லட் 350இன் சீட் தரையிலிருந்து 805 மில்லிமீட்டர். ஷோரூமில் ஏறி உட்கார்ந்தபோது குதிகால் தொங்கியது, விரல்நுனிதான் பட்டது. மீட்டியார் 350இன் சீட் 765. பாதம் முழுக்கப் பதிந்தது. இரண்டிலும் இருப்பது அதே 349 சிசி வகை எஞ்சின். எடையிலும் பெரிய வித்தியாசமில்லை, அது 195 கிலோ, இது 191. ஆனால் இந்திரா காந்தி சிலை சிக்னலில் ஒரு பக்கம் டெம்போ, ஒரு பக்கம் தண்ணீர் லாரி என்று நிற்கும்போது அந்த நாற்பது மில்லிமீட்டர்தான் வண்டியை நிமிர்த்திப் பிடிக்கும். ஹண்டர் எடை குறைவு, 181 கிலோ. ஆனால் சீட் 790. அது படுத்தவாக்கில் காலை முன்னால் நீட்டி ஓட்டும் குரூசரும் இல்லை. அவெஞ்சர் ஸ்ட்ரீட் 160 சீட் 737, எடை 156. புதிதாகப் பழகுகிறவருக்கு இதைவிடத் தாழ்வாக ஒரு வண்டி கிடைப்பது கஷ்டம். எக்ஸ்எல் ஓட்டிப் பழகிய கைக்கு 156 கிலோவே மலைதான் என்பதையும் சொல்ல வேண்டும். ஸ்பிளெண்டரே 112 கிலோதான்.

எடை ஓடும்போது தெரியாது. நிற்கும்போதும் திருப்பும்போதும்தான் தெரியும். குரூசர் நீளமான வண்டி. அவெஞ்சரில் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 1490 மில்லிமீட்டர், மீட்டியாரில் 1400. நேர் ரோட்டில் ஆடாமல் போகும். ஆனால் ஆர்.டி.ஓ. மைதானத்தில் எட்டு போடச் சொன்னால் தண்ணீர் காட்டிவிடும். அதனால் எட்டு போடுவதற்கு யாருடைய ஸ்பிளெண்டரையாவது வாங்கிக்கொள், லைசென்ஸ் எடு, ஒரு மாதம் அதிலேயே ஓட்டு, பிறகு சொந்த வண்டியை எடு என்றோம். எல்.எல்.ஆர். வாங்கிய முப்பது நாளுக்குப் பிறகுதான் டெஸ்ட்டுக்கே போக முடியும். அந்த முப்பது நாளைச் சும்மா விடக்கூடாது.

பழகும் இடம் லாஸ்பேட்டை ஹெலிபேட் மைதானம், காலை ஆறு மணிக்கு. முதல் வாரம் ஆக்சிலேட்டரைத் தொடக்கூடாது. கிளட்சை மட்டும் மெல்ல விட்டு, வண்டி எந்த இடத்தில் இழுக்கிறது என்று இடது கைக்குத் தெரியவேண்டும். பிறகு பிரேக். 125 சிசிக்கு மேலான வண்டிகளுக்கு 2019 ஏப்ரலிலிருந்து ஏ.பி.எஸ். கட்டாயம். அதற்கு முந்தைய பழைய வண்டி வாங்கினால் அது இருக்கிறதா என்று பாருங்கள். ஈ.சி.ஆரில் மணல் படிந்து கிடக்கும் வளைவில் முன் பிரேக்கை இறுக்கினால் என்ன ஆகும் என்பதற்கு எங்களில் ஒருவரின் முழங்காலே சாட்சி.

ஹெல்மெட்டைப் பற்றி இந்த ஊரில் பேசினாலே அரசியல் ஆகிவிடும். 2019 பிப்ரவரியில் முதலமைச்சரே ராஜ்நிவாஸ் வாசலில் தர்ணா உட்கார்ந்த விவகாரத்தில் ஹெல்மெட்டும் ஒரு காரணம். யார் ஆண்டாலும் எங்கள் பையன்களுக்கு ஹெல்மெட் வேண்டும். அப்பா கூலிக்குப் போகிற வீட்டில் ஒரு தலைக்காயம் என்பது இரண்டு தலைமுறைக் கடன்.

கடன் என்றதும் இன்னொன்று. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. உடனே விளம்பரங்கள் எல்லாம் எங்கள் தெருப் பையன்களின் போனுக்கு வந்துவிட்டன. ஷோரூம் விலையைப் பார்த்து மயங்காமல் ரோட் டேக்ஸ், இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து ஆன்ரோடு விலையை எழுதி வாங்குங்கள். சேதராப்பட்டுக்கு தினமும் போய்வர பெட்ரோலைச் சேருங்கள். அதற்கப்புறம் இ.எம்.ஐ. சம்பளத்தில் எத்தனை பங்கு என்று பாருங்கள். தம்பிக்கு மீட்டியார் கணக்கு இடித்தது. நல்ல நிலையில் இருந்த பழைய அவெஞ்சர் கணக்கு இடிக்கவில்லை. பழையது என்றால் ஆர்.சி.யில் பைனான்ஸ் பெயர் நீங்கியிருக்கிறதா, என்.ஓ.சி. இருக்கிறதா, எஞ்சின் நம்பர் பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பணம்.

இதில் எங்களுக்குள் ஒரு சண்டை வந்தது. புல்லட் வேண்டாம் என்று மேலப்பிடாவூரில் வெட்டியவர்கள் சொன்னதையே நாமும் வேறு காரணம் காட்டிச் சொல்கிறோமா? எங்களில் இளையவர் ஒருவர் அப்படித்தான் கேட்டார். நியாயமான கேள்வி. நாங்கள் ஒரு சோதனை வைத்துப் பார்த்தோம். இதே உயரம், இதே சம்பளம், இதே பழக்கமுள்ள ஒரு பையன் ஊர்த் தெருவிலிருந்து வந்து கேட்டிருந்தால் அவனுக்கும் இதையே சொல்லியிருப்போமா? சொல்லியிருப்போம். ஆறடிப் பையன் ஒருவன் எங்கள் தெருவிலிருந்து வந்து, ஒரு வருடம் கியர் வண்டி ஓட்டிவிட்டு, புல்லட் வேண்டும் என்று கேட்டால்? வாங்கு என்போம். அவன் அம்மாவிடமும் நாங்களே போய்ப் பேசுவோம்.

வண்டி வந்து இரண்டு வாரம் ஆகிறது. தம்பியைவிட அவன் தங்கைதான் அதை நன்றாக ஓட்டுகிறாள் என்பது தெருவே சொல்லும் செய்தி. நர்சிங் படிக்கிற பெண், அண்ணனைவிடக் குள்ளம், சீட் தாழ்வாக இருப்பதால் தைரியமாக ஏறிவிட்டாள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தோடு கல் உடைக்கிற பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றுக்கொண்டதைப் பற்றி அவளிடம் சொன்னோம். "அவங்களுக்கு ரெண்டு பிரேக்தான். எனக்குக் கிளட்ச்சும் இருக்கு" என்றாள்.

இனி அம்மாவின் தாய்வீட்டுக்குப் போக வேண்டும். ஆடித் திருவிழாவுக்கு இன்னும் மூன்று வாரம். சேரிக்கு இரண்டு வழி. ஊர்த் தெரு வழியாகத் தார் ரோடு. இல்லையென்றால் ஏரிக்கரையைச் சுற்றி மண்பாதை. அம்மா மண்பாதையில் போ என்கிறார். ஆடியில் ஒரு மழை பெய்தால் அந்தப் பாதை சேறு. நீளமான, தாழ்ந்த வண்டி, பழகி ஒரு மாதம்கூட ஆகாத ஆள், பின்னால் தங்கை. வண்டியைப் பற்றி மட்டும் எங்களைக் கேட்டால் தார் ரோடுதான் என்போம். அவனோடு நாங்களும் இரண்டு வண்டியில் கூடப் போவதென்று பேசி வைத்திருக்கிறோம். அம்மா இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.