மெய்ப்பிக்க வேண்டியவர் யார்?

1930களின் தொடக்கம் முதல் பத்தாண்டுகளுக்கும் மேலாக, இராவல்பிண்டியில் பிரிட்டிஷ் இந்தியப் படையின் சிப்பாய்கள் மீது கடுகு வாயுவைச் செலுத்திச் சோதனைகள் நடத்தப்பட்டன. நடத்தியவர்கள் இங்கிலாந்தின் போர்ட்டன் டவுன் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த விஞ்ஞானிகள். ஐரோப்பியரின் தோலைவிட இந்தியரின் தோல் அவ்வாயுவால் கூடுதலாகப் பாதிக்கப்படுகிறதா என்பது அவர்கள் விடை தேடிய வினாக்களுள் ஒன்று. 2007இல், ஆவணக் காப்பகக் கோப்புகளைக் கொண்டு கார்டியன் நாளிதழ் இதனை வெளிக்கொணர்ந்தது. சிப்பாய்களின் தீப்புண்கள் அறிக்கைகளில் பதிவாகியிருந்தன. சோதனைக்குப் பின் அவர்களுக்கு என்ன நோய் வந்தது என்பதை எவரும் தொடர்ந்து கவனிக்கவில்லை.

கடுகு வாயு புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்பது இன்று நிறுவப்பட்ட உண்மை. 2008 ஜனவரியில், போர்ட்டன் டவுனில் சோதனைக்கு உட்பட்ட 360 முன்னாள் வீரர்களுக்கு 30 லட்சம் பவுண்டு வழங்க பிரிட்டன் அரசு உடன்பட்டது. சட்டப் பொறுப்பை மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. இராவல்பிண்டிச் சிப்பாய்க்கோ, உரிமை கோருவதற்கு வேண்டிய மருத்துவப் பதிவே உருவாக்கப்படவில்லை.

வேதிப்பொருளால் வரும் நோயின் இயல்பே இச்சிக்கலைப் பெரிதாக்குகிறது. குண்டடி பட்ட நாளைச் சுட்டலாம். இருபது ஆண்டுகள் கழித்து வரும் புற்றுநோயின் தொடக்க நாளை எவராலும் சுட்ட இயலாது. ஒரு குழுவில் நோய் மிகுந்திருப்பதை அறிவியல் காட்டும். இந்த ஒருவரின் நோய் இதனால்தான் வந்தது என்று அது பெரும்பாலும் உறுதி கூறுவதில்லை. அந்த இடைவெளியை நிரப்பவே சட்டம் 'அனுமானம்' என்னும் கருவியைக் கையாள்கிறது. வியட்நாமில் அமெரிக்கா தெளித்த ஏஜெண்ட் ஆரஞ்சு தொடர்பாக 1991இல் இயற்றப்பட்ட சட்டம் இதற்குச் சான்று. குறித்த காலத்தில் அங்கே பணியாற்றியவருக்குப் பட்டியலில் உள்ள நோய் வந்தால், காரணத்தை அவர் தனியே மெய்ப்பிக்க வேண்டியதில்லை. 2022இல் அப்பட்டியலில் உயர் இரத்த அழுத்தமும் சேர்ந்தது.

இந்தியாவிலும் இக்கோட்பாடு புதிதன்று. இயலாமை ஓய்வூதியம் குறித்த 1982ஆம் ஆண்டு விதிகள், மெய்ப்பிக்கும் பொறுப்பைக் கோருபவர் மீது சுமத்தவில்லை. நியாயமான ஐயத்தின் பலனை அவருக்கே அளித்தன. தரம்வீர் சிங் வழக்கில் (2013) உச்ச நீதிமன்றம் இதனை உறுதி செய்தது: பணியில் சேர்ந்தபோது நோய் பதிவாகவில்லையெனில் அவர் நலமாகவே சேர்ந்தார் என்று கொள்ள வேண்டும், மாறாக வாதிடும் நிர்வாகமே காரணங்காட்ட வேண்டும். 2023 செப்டம்பரில் வந்த புதிய விதிகள், இச்சலுகை தவறாகப் பயன்படுகிறது என்ற கவலையோடு தொடர்புடையவை. அக்கவலையை ஒதுக்கிவிட இயலாது. ஆயினும் அதற்குரிய மருந்து கண்டிப்பான மருத்துவப் பரிசோதனையும் முறையான பதிவேடுமே. மெய்ப்பிக்கும் சுமையை நோயாளியின் தோளுக்கு மாற்றுவதன்று.

இவ்வினா படைமுகாமோடு முடிவதில்லை. ஈயம், பாதரசம், பென்சீன் முதலியவற்றால் வரும் நோய்களுக்கு இத்தகைய அனுமானத்தை 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் அறிந்திருந்தது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் அது தொடர்கிறது. ஆனால் அத்திபெலேயிலிருந்து ஓசூர் வரை நீளும் தொழிற்பேட்டைகளில், ஒப்பந்தக்காரர் மாறுந்தோறும் ஆலை மாறும் ஒரு தொழிலாளியை எண்ணிப் பார்க்கலாம். சிப்பாய்க்குச் சேர்க்கையின்போது செய்யப்படும் மருத்துவப் பரிசோதனையாவது உண்டு. இத்தொழிலாளி எந்த ஆலையில், எந்தக் கரைப்பானை, எத்தனை மாதம் சுவாசித்தார் என்பதற்கு ஏடு இல்லையெனில், சட்டம் தரும் அனுமானம் அவரை வந்தடையாது. இராவல்பிண்டியின் வெற்றுப் பக்கமே இங்கும் திரும்புகிறது.

ஆகவே அனுமானம் மட்டும் போதாது. வேதிப்பொருளுக்கு ஆட்படுத்தியவரே அதனைப் பதிவு செய்யும் கடமையும் உடையவர் என்ற விதி வேண்டும். அரசாயினும் ஆலையாயினும், பதிவேடு இல்லாமையின் விளைவை அதனை வைத்திருக்க வேண்டியவரே ஏற்க வேண்டும், நோயுற்றவர் அன்று.