நான் யார்? மூன்று நகல்களில்!

எங்கள் ஊர் திருச்சுழி. அருப்புக்கோட்டையில் இறங்கி, பஸ் மாறி, இரண்டு பக்கமும் சீமைக் கருவேலம் புதரைச் சலிக்கச் சலிக்கப் பார்த்துக்கொண்டே வந்தால் வரும். குண்டாறு என்று ஓர் ஆறு இருக்கிறது. வருஷத்தில் சில நாள் அதில் தண்ணீரும் இருக்கும்.

1879 டிசம்பர் 30-ம் தேதி ரமண மகரிஷி பிறந்தது இந்த ஊரில்தான். 'நான் யார்?' என்ற கேள்வியை உலகத்துக்கே கற்றுக்கொடுத்தவர். அவருடைய அப்பா சுந்தரம் அய்யர் என்ன வேலை பார்த்தார் என்பது பலருக்குத் தெரியாது. மாசம் 2 ரூபாய் சம்பளத்துக்குக் கணக்குப்பிள்ளையிடம் குமாஸ்தா. அப்புறம் மனு எழுதிக் கொடுத்தார். அதற்கும் அப்புறம், பட்டம் இல்லாமலே உள்ளூர் கோர்ட்டில் வாதாட அனுமதி வாங்கி வக்கீல் ஆனார்.

அப்பா மனு எழுதினார். பிள்ளை 'நான் யார்?' என்று கேட்டார். இந்த இரண்டு வேலையும் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் தலையில் வந்து விடியும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"மாப்ளே, ஒரு ஃபாரம் ஃபில்லப் பண்ணணும்டா" என்று வந்து நின்றான் என் சிநேகிதன். கரிமூட்டம் போடுகிறவன். ஊரில் இருக்கிற கருவேலத்தை எல்லாம் கரியாக்கி லாரி ஏற்றுவது தொழில். எப்போதோ ஒருத்தருக்கு நான் பூர்த்தி செய்த பாஸ்போர்ட் ஃபாரம் திரும்பி வராமல் போய்விட்டது. அன்றிலிருந்து ஊருக்கே நான்தான் ஃபாரம் ஸ்பெஷலிஸ்ட்!

"என்ன ஃபாரம்?"

"வீட்டுக்காரியை இந்தியாக்காரி ஆக்கணும்."

*

விஷயம் இதுதான். இவன் வீட்டுக்கு வெள்ளையடிக்க மல்லாங்கிணறு முகாமிலிருந்து ஒரு பையன் வந்தான். இலங்கைத் தமிழர் முகாம். வேலை முடிவதற்குள் அந்தப் பையனுக்கு ஒரு தங்கச்சி இருப்பதை என் சிநேகிதன் கண்டுபிடித்துவிட்டான். சுவருக்கு இரண்டாவது கோட்டிங் தேவையே இல்லை. ஆனாலும் அடிக்கச் சொன்னான். 2015-ல் கல்யாணம். 2018-ல் ஒரு பெண் குழந்தை.

அந்தத் தங்கச்சி பிறந்தது 1988 பிப்ரவரி, ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில். அப்போது குடும்பம் மண்டபம் முகாமில் இருந்தது. படித்தது மல்லாங்கிணற்றில். ரேடியோவில் கேட்டது இளையராஜா. பாஸ் பண்ணியது தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு. இலங்கையைப் பார்த்ததே இல்லை. ஆனால், செக்கிங் நாளன்று முகாமுக்குப் போய் 'இருக்கிறேன்' என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வர வேண்டும்.

நான் அலட்சியமாகச் சொன்னேன்: "இந்தியாவிலே பிறந்திருக்கு. இந்தியனைக் கட்டியிருக்கு. அப்புறம் என்னடா? ஆதார் கார்டு இருக்குல்ல?"

"இருக்கு மாப்ளே. ஆனா, ஆதார் நீ இங்கே குடியிருக்கேன்னுதான் சொல்லுமாம். குடிமகன்னு சொல்லாதாம்!"

விசாரித்தேன். வாஸ்தவம்தான். ஆதார் சட்டத்திலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது. எனக்கே கொஞ்சம் பயம் வந்து, என் பர்த் சர்டிபிகேட் எங்கே இருக்கிறது என்று அம்மாவிடம் கேட்டு வைத்துக்கொண்டேன். நீங்களும் ஒருமுறை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள் சார்.

*

அடுத்த ஒரு வாரம் ஆபீஸ் வேலையை ஓரங்கட்டிவிட்டு 1955-ம் வருஷத்துக் குடியுரிமைச் சட்டத்தைப் படித்தேன். மானேஜர் வந்தால் மேலே ஒரு லெட்ஜர்.

சட்டம் தேதியில் விளையாடுகிறது. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்தியாவில் பிறந்தவர்கள், ராஜதந்திரிகள் பிள்ளைகள் மாதிரி சில விலக்குகள் தவிர, குடிமக்கள். அப்பா அம்மா யார் என்ற கேள்வியே இல்லை. 1987 ஜூலை 1 முதல் பிறந்தவர் என்றால், பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும்.

தங்கச்சிக்கு ஓர் அக்கா உண்டு. 1985-ல் அதே மண்டபம் முகாமில் பிறந்தவள். அக்கா இந்தியக் குடிமகள், தங்கை அந்நியர்! ஒரே அம்மா, ஒரே அப்பா, ஒரே தகரக் கொட்டகை. ஏழு மாசம் லேட். ஆபீசுக்கு ஏழு நிமிஷம் லேட்டானால் நமக்கு விழும் சிவப்புக் கோடு தேவலை.

அக்கா கதையும் சும்மா முடிந்துவிடுவதில்லை. 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண், பாஸ்போர்ட் கேட்டு மதுரை ஐகோர்ட் கிளைக்குப் போய், 2022-ல் 'இவர் பிறப்பாலேயே இந்தியர், பாஸ்போர்ட் கொடுங்கள்' என்று தீர்ப்பு வாங்க வேண்டியிருந்தது. 2024 ஏப்ரல் 19-ம் தேதி திருச்சியில் அவர் முதல் தடவையாக ஓட்டுப் போட்டார். அந்தச் செய்தியைத் தங்கச்சி பேப்பரிலிருந்து வெட்டி வைத்திருக்கிறது.

சரி, கல்யாண வழி இருக்கிறதே? இருக்கிறது. 5-வது பிரிவில். இந்தியரைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு, ஏழு வருஷம் இங்கே வசித்திருந்தால் விண்ணப்பிக்கலாம். கடைசிப் பன்னிரண்டு மாசம் விடாமல் இங்கே இருந்திருக்க வேண்டும்.

"ஏழு வருஷமா? நான் பிறந்ததிலேர்ந்து இங்கதானேண்ணா!" என்று தங்கச்சி சிரித்தது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த வரியை நான் படித்துவிட்டிருந்தேன். விண்ணப்பிப்பவர் 'சட்டவிரோதக் குடியேறி'யாக இருக்கக் கூடாது. பாஸ்போர்ட், விசா இல்லாமல் உள்ளே வந்த அந்நியர் என்று அதற்கு அர்த்தம். 2003-ல் நிறைவேறிய திருத்தம் இது. படகில் வந்து இறங்கியவர்களிடம் ஏது சார் பாஸ்போர்ட்? வீட்டுக்குத் தீ வைக்க வருகிறவன், 'முதலில் போட்டோ எடுத்துக்கிட்டு வாங்க, காத்திருக்கேன்' என்றா சொல்லுவான்?

*

ஃபாரத்தை ஆன்லைனில் நிரப்பி, பிரின்ட் எடுத்து, இணைப்புகளோடு மாவட்ட நிர்வாகத்திடம் கொடுக்க வேண்டும். அங்கிருந்து மாநில அரசு, அங்கிருந்து டெல்லி. கொடுப்பதற்கு முன்னால் சந்தேகம் கேட்க ஓர் ஆபீசுக்குப் போனோம். எந்த ஆபீஸ் என்பது வேண்டாம். அங்கே நடந்த உரையாடலை அப்படியே தருகிறேன்.

"எந்த நாட்டுலேர்ந்து வந்தீங்கம்மா?"

"வரலை சார். ராம்நாட்ல பிறந்தேன்."

"அப்ப இந்தியா."

"இந்தியான்னே எழுதிடட்டுமா சார்?"

"எழுதக் கூடாது. இந்தியான்னா எதுக்கு இந்த மனு?"

"அப்ப இலங்கைன்னு எழுதவா?"

"இலங்கை பாஸ்போர்ட் எங்கே? காப்பி வைக்கணுமே!"

"நான் இலங்கையைப் பார்த்ததே இல்லையே சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நல்ல மனுஷர்தான், அவருக்கே புரியவில்லை. கடைசியில், "இப்போதைக்கு ஒரு கோடு போட்டு விடுங்க" என்றார்.

போட்டோம். இந்தியாவும் இல்லாமல், இலங்கையும் இல்லாமல், நடுவில் ஒரு கோடு. பாக் ஜலசந்தி மாதிரி.

யோசித்துப் பாருங்கள். இந்தியர் ஆவதற்கு முதலில் இலங்கையர் ஆக வேண்டும்! சென்னையில் இருக்கிற இலங்கைத் தூதரகத்தில் பிறப்பைப் பதிந்து, பிரஜை என்று சான்று வாங்கி, பாஸ்போர்ட் எடுத்து, பிறகு 'அது வேண்டாம், இது வேண்டும்' என்று கேட்க வேண்டும். வீட்டைக் காலி பண்ணுவதற்காக முதலில் ஒரு வீட்டில் குடியேறுவது போல.

*

எங்கள் ஆபீசில் ஓர் உலக ஞானி உண்டு. டிபன் பாக்சைத் திறந்தால் சர்வதேசம் பேசுவார். "துருக்கியிலே எவ்வளவோ தேவலை சார்" என்றார். "2009-ல சட்டம் போட்டிருக்கான். துருக்கிக்காரரைக் கட்டிக்கிட்டு மூணு வருஷம் ஒழுங்கா ஒண்ணா குடித்தனம் நடத்தினா விண்ணப்பிக்கலாம். கல்யாணமே வேணாம்னா, 4 லட்சம் டாலருக்கு வீடு வாங்கினாலும் போதும்."

என் சிநேகிதனிடம் சொன்னேன். "நாலு லட்சம் ரூபாய்னாகூட அருப்புக்கோட்டையிலே கடன் கேட்டுப் பாக்கலாம் மாப்ளே. டாலரை யாருகிட்டக் கேக்க?" என்றான்.

இந்தச் சந்தடியில் ஒரு புரோக்கரும் வந்து சேர்ந்தார். வெள்ளை வேட்டி, இரண்டு செல்போன். "எதுக்கு சார் டெல்லி வரைக்கும்? ஒரு வாரத்துல ஓட்டர் ஐ.டி. வாங்கித் தர்றேன். அமவுன்ட் மட்டும் பார்த்துக் குடுங்க." சிநேகிதன் கொஞ்சம் சபலப்பட்டான். நான் சட்டத்தின் 17-வது பிரிவைக் காட்டினேன். தெரிந்தே பொய்த் தகவல் கொடுத்துக் குடியுரிமைக் காகிதம் வாங்கினால் ஐந்து வருஷம் வரை சிறை. புரோக்கரின் இரண்டு செல்போனும் ஒரே சமயத்தில் அடித்தன. போய்விட்டார்.

*

ஒரு நாள் தங்கச்சியின் அப்பாவைப் பார்க்க மல்லாங்கிணறு போனேன். இப்போது 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர். 2021-ல் அரசு பெயரை மாற்றியது. பெரியவர் பிளெயின் டீ கொடுத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்.

அவருடைய தாத்தா இந்த ராமநாதபுரத்துச் சீமைக்காரர். மழை பொய்த்து, பஞ்சம் பிழைக்க கங்காணி பின்னால் கிளம்பியவர். வெள்ளைக்காரன் காலத்தில் தேயிலைத் தோட்டத்துக்குப் போகிற கூலிகளை மண்டபத்தில்தான் நிறுத்தி, மருந்தடித்து, நோய் இல்லை என்று பார்த்துக் கப்பல் ஏற்றுவார்கள். 1948-ல் இலங்கை போட்ட சட்டத்தில் தோட்டத் தமிழர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் உட்கார்ந்து, 'உனக்கு மூணு லட்சம், எனக்கு அஞ்சே கால் லட்சம், மிச்சம் ஒண்ணரை லட்சம் அப்புறம் பார்க்கலாம்' என்று பங்கு பிரித்தார்கள். 1977 கலவரத்தில் இவர் தோட்டத்தை விட்டு வவுனியா போனார். 83 ஜூலைக்குப் பிறகு அங்கேயும் இருக்க முடியவில்லை. 84-ல் படகு. கொண்டுபோய் வைத்த இடம்?

மண்டபம்!

"தாத்தாவை ஏத்தி விட்ட அதே இடத்துல என்னை இறக்கி விட்டாங்க தம்பி. நான் வந்தேன்னு எழுதுறாங்க. நான் திரும்பி வந்தேன்னுதான் நினைச்சிக்கிட்டிருக்கேன்" என்றார்.

ஃபாரத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

இப்படிப்பட்ட இந்திய வம்சாவளிக்காரர்கள் 65 பேர் போட்ட வழக்கில்தான் 2019 ஜூனில் மதுரைக் கிளை, 'மனுக் கொடுங்கள், கலெக்டர் உடனே மேலே அனுப்பட்டும், மத்திய அரசு 16 வாரத்தில் முடிவு சொல்லட்டும்' என்றது. அதே வருஷக் கடைசியில் வந்த திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், பங்களாதேஷ் இருந்தன, இலங்கை இல்லை. 2025 செப்டம்பரில், 2015 ஜனவரி 9-க்குள் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு பாஸ்போர்ட், விசா இல்லாததற்காகத் தண்டனை கிடையாது என்று ஓர் உத்தரவு வந்தது. நிம்மதிதான். ஆனால், தண்டனை இல்லை என்பது வேறு. நீ நம்மாள் என்பது வேறு.

*

"எதுக்கு இத்தனை பாடு? இப்படியே இருந்துட்டுப் போகட்டுமே. யாரு என்ன பண்ணப்போறா?" என்று நானே ஒரு நாள் அலுத்துப்போய்க் கேட்டுவிட்டேன்.

தங்கச்சி அடுப்படியில் இருந்து வந்தது. "எனக்காக இல்லண்ணா" என்றது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. 2004 டிசம்பர் 3 முதல் பிறந்த குழந்தைகளுக்குச் சட்டம் இன்னும் கறார். பெற்றோரில் ஒருவர் இந்தியர் என்றால் மட்டும் போதாது. இன்னொருவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது. அப்பன் கரிமூட்டக்காரன், ஏழு தலைமுறையாகத் திருச்சுழி. ஆனால், அம்மா தலையில் அந்த ஒரு வார்த்தை விழுந்தால், மகள் தலையிலும் விழும்.

'உள்ளே வந்தவர்' என்றுதானே சட்டம் சொல்கிறது? இங்கேயே பிறந்தவள் எங்கிருந்து வந்தாள்? இதே கேள்வியைத்தான் மனுவோடு வைத்த கடிதத்தில் முதல் வரியாக எழுதினேன். சுந்தரம் அய்யர் இருந்தால் இன்னும் நன்றாக எழுதியிருப்பார். பர்த் சர்டிபிகேட், கல்யாணப் பதிவு, முகாம் அடையாள அட்டை, பள்ளிக்கூட மார்க் ஷீட் எல்லாம் மூன்று நகல். பாஸ்போர்ட் கட்டத்தில் கோடு. கொடுத்துவிட்டு, ரசீது வாங்கிக்கொண்டு, ஆளுக்கொரு டீ குடித்துவிட்டு பஸ் ஏறினோம். பதிலுக்குக் காத்திருக்கிறோம்.

போன வாரம் அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். மகள் தரையில் கவிழ்ந்து படுத்து எழுதிக்கொண்டிருந்தாள். டீச்சர் கொடுத்த ஹோம் ஒர்க். தலைப்பு: 'என்னைப் பற்றி'. எட்டிப் பார்த்தேன்.

'எனது ஊர் திருச்சுழி. எனது அப்பா ஊர் திருச்சுழி. எனது அம்மா ஊர் திருச்சுழி.'

யாரையும் கேட்கவில்லை. ஒரே ஒரு நகல்தான். அட்டெஸ்டேஷன் கிடையாது.