அறுபது பேர், ஒரு முதலாளி: 'தட்டையான' கம்பனி உண்மையில் தட்டையா?

என்விடியா கம்பனியின் தலைவர் ஜென்சன் ஹுவாங் பேசுகிற சின்னச் சின்ன வீடியோக்கள் இப்ப எல்லாருடைய போனிலும் சுத்துது. அதில சிலது அவருடைய கம்பனி எப்படி ஒழுங்குபடுத்தப்பட்டிருக்கு என்பதைப் பற்றியது. தன்னிடம் நேரடியாகப் பொறுப்புச் சொல்பவர்கள் ஐம்பது, அறுபது பேர் என்றும், அவர்களோடு தனித்தனிச் சந்திப்புகள் வைக்கிறதில்லை என்றும், எல்லாரையும் ஒன்றாக வைத்தே பேசுவேன் என்றும் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். கீழே கருத்துகளைப் பார்த்தால் பெரும்பாலும் கைதட்டல்தான். அடுக்கு இல்லாத கம்பனி. எல்லாரும் சமம். மனேஜர்மாரைத் தூக்கினால் எல்லாம் சரியாகும்.

முதலாவது அரைவாசி உண்மை. மற்ற ரெண்டும் பிழை என்பது என்ர கருத்து. அதைச் சொல்ல முதல், ஹுவாங் சொல்கிற நியாயத்தை ஒழுங்காக விளங்கிக்கொள்ள வேணும். ஏனெண்டால் அதில விசயம் இருக்கு.

சிப் செய்கிற தொழிலில் பிழை மிகவும் விலை கூடினது. ஒரு வடிவமைப்பைத் தொழிற்சாலைக்கு அனுப்பினபிறகு அதில் பிழை கண்டுபிடித்தால், திருத்தித் திரும்ப எடுக்க மாதங்கள் போகும், பெருந்தொகைக் காசும் போகும். என்விடியா இதைப் பட்டுத் தெளிந்த கம்பனி. 1993இல் ஹுவாங், கிறிஸ் மலகொவ்ஸ்கி, கேர்ட்டிஸ் பிறீம் என்ற மூன்று பேர் தொடங்கினது. 1995இல் வந்த முதல் சிப் NV1 என்று சொல்லப்படுகிற என்.வி.1. அது படுதோல்வி. அரைவாசிக்கு மேற்பட்ட ஊழியர்களை நிறுத்த வேண்டி வந்தது. 1997இல் வந்த ரிவா 128 என்ற சிப்தான் கம்பனியைக் காப்பாற்றியது. அப்படிச் சாவின் வாசலுக்குப் போய்வந்த ஒருவருக்கு, 'கெட்ட செய்தி என்ர மேசைக்கு எத்தினை நாளில வரும்?' என்ற கேள்விதான் எல்லாவற்றையும் விடப் பெரிசாக இருக்கும்.

வழமையான கம்பனியில் அந்தச் செய்தி எப்படிப் போகும்? பொறியியலாளர் தன்ர மனேஜருக்குச் சொல்லுவார். மனேஜர் அதைக் கொஞ்சம் மெருகேற்றித் தனக்கு மேலுள்ளவருக்கு எழுதுவார். அவர் இன்னும் கொஞ்சம் மெருகேற்றுவார். "வேலை செய்யுதில்லை" என்று கீழே புறப்பட்ட வசனம், மேலே போய்ச் சேரும்போது "சில சவால்கள் உள்ளன, முன்னேற்றம் திருப்திகரம்" என்று மாறியிருக்கும். இது எங்களுக்குப் புதுசில்லை. பாடசாலையில் மேலதிகாரி பார்க்க வருகிற நாளை நினைச்சுப் பாருங்கோ.

இதை உடைக்க ஹுவாங் செய்த வேலைகள் சில. மெருகேற்றின அறிக்கைகளை அவர் நம்புவதில்லை. அதற்குப் பதிலாக, கம்பனியின் எந்த மட்டத்தில் இருப்பவரும் தான் கவனிக்கிற முக்கியமான ஐந்து விசயங்களைச் சின்ன மின்னஞ்சலாக எழுதி அனுப்பலாம். அவர் அவற்றை நாளாந்தம் வாசிக்கிறார். ஒரு வேலையில் பிழை நடந்தால் அதை மூடிய கதவுக்குப் பின்னால் பேசுவதில்லை. எல்லாருக்கும் முன்னால் பேசுகிறார். ஒருவரின் பிழையில் இருந்து எல்லாரும் படிக்க வேணும் என்பது அவர் சொல்கிற காரணம். வேலைகளும் பிரிவுகளுக்குள் பூட்டி வைக்கப்படுவதில்லை. ஒரு திட்டத்துக்கு யார் தேவையோ அவர்கள் எங்கிருந்தாலும் சேருவார்கள். அந்த இலக்குத்தான் முதலாளி, ஆள் இல்லை என்பது அவருடைய கொள்கை.

இது வேலை செய்திருக்கு என்பதை மறுக்க ஏலாது. 2025 ஒக்ரோபரில் சந்தைப் பெறுமதியில் 5 ட்ரில்லியன் டொலரைத் தொட்ட உலகின் முதல் கம்பனி என்விடியாதான்.

சரி, அப்ப எங்க பிரச்சினை?

முதலில் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2025இன் தொடக்கத்தில் என்விடியாவில் கிட்டத்தட்ட 36,000 பேர் வேலை செய்தார்கள். ஒவ்வொருவருக்கும் கீழே எட்டுப் பேர் என்று வைத்தால், தலைவருக்குக் கீழே 8, 64, 512, 4,096, 32,768. ஐந்து அடுக்கில் எல்லாரும் அடங்கிவிடுவார்கள். இப்ப தலைவருக்குக் கீழே மட்டும் 60 பேரை வைத்து, மற்றவர்களுக்கு எட்டே எட்டு என்று விடுங்கோ. 60, 480, 3,840, 30,720. நான்கு அடுக்கில் அநேகமாக எல்லாரும் முடிஞ்சுது. அதாவது, உச்சியில் இவ்வளவு பெரிய மாற்றம் செய்தும் மிச்சம் பிடித்தது ஒரேயொரு அடுக்கு. என்விடியாவின் உண்மையான அமைப்பு இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. கணக்கு எந்தப் பக்கம் சாயுது என்று காட்டத்தான் இது. அடியில் வேலை செய்கிற இளம் பொறியியலாளருக்கு மேலே இன்னமும் மனேஜர் இருக்கிறார், அவருக்கு மேலே இன்னொருவர் இருக்கிறார். தட்டையாக இருப்பது உச்சி மட்டும்தான்.

அந்த உச்சியில் என்ன மாறுது? கவனமும் அதிகாரமும் பங்கிடப்படுகிற விதம். எட்டுப் பேர் நேரடியாகப் பொறுப்புச் சொல்கிற இடத்தில், ஒவ்வொருவரும் தலைவரின் நேரத்தில் எட்டில் ஒரு பங்குக்காரர். பெரிய துறை ஒன்று அவர் கையில் இருக்கும். "இது பிழை, நான் உடன்படமாட்டன்" என்று அவர் சொன்னால் தலைவர் நின்று கேட்க வேணும். அறுபதில் ஒருவர் சொன்னால்? மிச்சம் ஐம்பத்தொன்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கிற மீற்றிங்கில், தனியாகப் பேச வழமையான நேரம் ஒன்றும் இல்லாமல், ஒருவர் எழும்பி "இல்லை" சொல்வதற்கு எவ்வளவு துணிவு வேணும்? ஆளை விலக்குவதை விட வதைத்தாவது உயர்த்துவேன் என்ற பொருளில் ஹுவாங்கே பகிடியும் உண்மையுமாகப் பேசியிருக்கிறார். ஆட்கள் வேலையை விட்டு அதிகம் போகிறதில்லையே என்று யாரும் கேட்கலாம். சம்பளத்தின் ஒரு பங்கு கம்பனிப் பங்குகளாக வருகிற, அந்தப் பங்கு சில வருசத்துக்குள் பல மடங்கான இடத்தை விட்டு ஆர் போவினம்?

ஆகவே இந்த அமைப்பில் செய்தி மேலே வேகமாகப் போகுது. ஆனால் மறுப்பு மேலே போக வழி ஒடுக்கம். செய்தியும் மறுப்பும் ஒன்றல்ல. வீடியோக்களுக்குக் கைதட்டுகிற நாங்கள் அநேகமாக ரெண்டையும் குழப்பிக்கொள்கிறோம்.

இதே தொழிலில் இதற்கு நேரெதிரான பாடம் ஒன்று இன்ரெல் கம்பனியில் இருக்கிறது. 1968இல் தொடங்கின நாளிலிருந்து அங்கே இருந்து, பிறகு தலைவரான அன்டி குரோவ், 1983இல் நிர்வாகம் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். மேற்பார்வைதான் ஒருவரின் முழுநேர வேலை என்றால் அவருக்குக் கீழே ஆறு முதல் எட்டுப் பேர் இருப்பது நல்லது என்றும், தனித்தனிச் சந்திப்புகள் கட்டாயம் வேணும் என்றும் அதில் சொன்னார். ஹுவாங் சொல்வதற்கு அப்படியே மறுபக்கம். ஆனால் குரோவ் பதவிப் பவிசு காட்டின ஆளும் இல்லை. மற்ற ஊழியர்களைப் போலச் சின்னத் தடுப்பறையில் இருந்துதான் வேலை செய்தார். மேலதிகாரியோடு முகத்துக்கு நேரே வாதாடுவதை இன்ரெலின் பழக்கமாகவே வளர்த்தார்.

1985இல் நடந்த சம்பவம் இங்கே முக்கியம். இன்ரெல் நினைவக சிப் செய்யத் தொடங்கின கம்பனி. எண்பதுகளில் யப்பான் கம்பனிகள் அந்தச் சந்தையைப் பிடித்துவிட்டன. நினைவகத்தைக் கைவிட வேணும் என்பதை ஏற்க மேலிடத்துக்கு மனசு வரவில்லை. அதுதான் கம்பனியின் அடையாளமாக இருந்தது. ஆனால் நடுவில் இருந்த ஆட்கள், அதாவது உற்பத்தியைத் திட்டமிடுகிறவர்களும் கணக்குப் பார்க்கிறவர்களும், மாதாமாதம் தொழிற்சாலை இடத்தை எந்த சிப் கூட லாபம் தருதோ அதற்கு ஒதுக்கிக்கொண்டு வந்தார்கள். அப்படியே நினைவகத்தின் பங்கு குறைந்து நுண்செயலியின் பங்கு கூடிவிட்டது. தலைவர்கள் வேதனையோடு முடிவெடுக்க முதலே கம்பனியின் பெரும்பங்கு மாறிவிட்டிருந்தது. இதைப் பின்னாளில் எழுதிவைத்தவர் வேறு யாருமில்லை, குரோவேதான்.

இன்றைக்கு எல்லாரும் திட்டுகிற 'நடு மனேஜர்' செய்த வேலை இது. மேலிடத்தின் அனுமதியைக் காத்திராமல் முடிவெடுக்க அவருக்கு ஒரு விதியும் உரிமையும் இருந்தது. எல்லா முடிவும் ஒரே ஆளின் மேசைக்குப் போகிற கம்பனியாக இருந்திருந்தால் இது நடந்திருக்குமா?

அதே இன்ரெல் பிறகு என்னவானது என்பதும் தெரிந்ததுதான். 10 நனோமீற்றர் தொழில்நுட்பம் பல வருசம் பிந்தி 2019இல்தான் பெருமளவு உற்பத்திக்கு வந்தது. 2020இல் 7 நனோமீற்றரும் பிந்துகிறது என்று அறிவித்தார்கள். இதற்குத் தொழில்நுட்பத் தெரிவுகளும் காரணம். எல்லாப் பழியையும் நிர்வாக அமைப்பில் போட ஏலாது. ஆனால் 2025இல் தலைவராக வந்த லிப்-பு ரான் ஊழியர்களுக்கு எழுதின கடிதத்தில் ரெண்டு விசயங்களைச் சொன்னார். பல குழுக்களில் எட்டும் அதற்கு மேலும் அடுக்குகள் இருக்கின்றன. பல மனேஜர்மாருக்குத் தங்கட குழு எவ்வளவு பெரிசு என்பதே முக்கிய அளவுகோலாகிவிட்டது. நடு அடுக்கு நோயாவது இப்படித்தான். ஆட்களின் எண்ணிக்கை அதிகாரமாகும்போது, முடிவெடுக்கிற வேலை போய், ஆள் சேர்க்கிற வேலை மிஞ்சும்.

அதற்குச் செய்த வைத்தியம் என்ன? அடுக்குகளை ஏறத்தாழ அரைவாசியாகக் குறைத்ததாகச் சில மாதத்தில் அறிவித்தார்கள். அதோடு ஆயிரக்கணக்கான ஆட்கள் வீட்டுக்குப் போனார்கள். "அமைப்பைத் தட்டையாக்குகிறோம்" என்ற வசனம் ஒரு கம்பனியிலிருந்து வந்தால், அதன் மறுபெயர் அநேகமாக ஆட்குறைப்பு. இதையும் கைதட்ட முதல் நினைவில் வைத்திருப்போம்.

இன்னொரு விசயம் இந்த வீடியோக்களில் வாறதே இல்லை. என்விடியா தன்ர சிப்களைத் தானே செய்வதில்லை. வடிவமைப்பு மட்டும்தான் அவர்களுடையது. அந்தச் சிப்களைச் செய்வது பெரும்பாலும் தாய்வானின் ரீ.எஸ்.எம்.சி. 1987இல் மொறிஸ் சாங் தொடங்கின, இன்று 80,000க்கு மேற்பட்ட ஊழியர்கள் வேலை செய்கிற கம்பனி. தொழிற்சாலை இரவு பகலாக ஓடும். 2014இல் 10 நனோமீற்றர் ஆராய்ச்சியை வேகப்படுத்த, ஆராய்ச்சிப் பொறியியலாளர்களையே இரவு முறையும் சேர்த்து மாறி மாறி 24 மணி நேரமும் வேலை செய்யவைத்தார்கள். அங்கே மேல் கீழ் கண்டிப்பானது. அப்படி இல்லாமல் ஒரு சிப் தொழிற்சாலையை ஓட்டுவதும் கஷ்டம். கலிபோர்னியாவில் ஒரு கம்பனி தட்டையாக இருக்க முடிவதற்கு, அடுக்குத் தேவைப்படுகிற வேலை இன்னொரு நாட்டில் இன்னொரு கம்பனியின் கூரைக்குக் கீழே நடப்பதும் ஒரு காரணம். கட்டமைப்பு வரைபடத்தைக் கம்பனியின் மதிலோடு நிறுத்தினால் இது கண்ணில் படாது.

இதெல்லாம் எங்களுக்கு எதுக்கு எண்டு கேட்கலாம். எங்களில் பலர் சின்னக் கூட்டுகளில், வாசிப்பு வட்டங்களில், நாடகக் குழுக்களில், புதிதாகத் தொடங்கின ஐ.ரி. கம்பனிகளில் இருக்கிறோம். "எங்களுக்குத் தலைவர் இல்லை, எல்லாரும் ஒண்டுதான்" என்பது நாங்கள் பெருமையாகச் சொல்கிற வசனம். எழுபதுகளின் தொடக்கத்தில் அமெரிக்கப் பெண்ணிய இயக்கத்திலிருந்த ஜோ பிறீமன், கட்டமைப்பே இல்லாத குழுக்களின் கொடுங்கோன்மை பற்றி ஒரு கட்டுரை எழுதினார். எழுதப்பட்ட அமைப்பு இல்லாத இடத்தில் எழுதப்படாத அமைப்பு ஒன்று முளைக்கும், அதைக் கேள்வி கேட்கவும் ஏலாது என்பது அதன் சாரம். வட்ஸ்அப் குறூப்பில் ஆர் கதைச்சால் முடிவு, ஆர் கதைச்சால் வெறும் நீல ரிக் என்பது எங்கள் ஒவ்வொருவருக்கும் தெரியும். அது எங்கேயும் எழுதப்படவில்லை, அவ்வளவுதான்.

அதனால் எந்த அமைப்பையும் பார்க்கும்போது எத்தினை அடுக்கு என்று எண்ணுவதை விட்டுவிட்டு ரெண்டு கேள்வி கேட்கலாம் என்று நினைக்கிறேன். கெட்ட செய்தி மேலே போக எவ்வளவு நாள் எடுக்குது? மேலே இருப்பவருக்கு "இல்லை" சொன்ன ஆள் அடுத்த மாதமும் அதே மேசையில் இருக்கிறாரா? முதல் கேள்வியில் என்விடியாவுக்கு நல்ல புள்ளி. ரெண்டாவதில் 1985இன் இன்ரெலுக்கு நல்ல புள்ளி. ரெண்டிலும் புள்ளி எடுத்த கம்பனியை நான் இன்னும் காணவில்லை.

எங்கட அடுத்த கூட்டத்தில் இந்த ரெண்டு கேள்வியையும் எங்களைப் பார்த்தே கேட்போமா? கடைசியாக ஒரு முடிவுக்கு மறுப்புச் சொன்னது ஆர், அவர் இப்ப எங்க என்று தேடிப் பார்த்தால் போதும். மிச்சம் தானாக விளங்கும்.